பல ஊர்ப் புத்தர்கள் குடியிருந்த முகம்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, இந்த ஆள் உட்கார்ந்தபடியே உயிரை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். சுகாதார நர்ஸாக எனக்கு முதல் வேலை ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில் போட்டிருந்தார்கள். திருப்பத்தூரிலிருந்து மலையேறிய ஜீப்பில் உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே நான். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் பாறை சரிந்து வழி அடைத்துக் கிடந்தது. ஆட்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இத்தனை கூச்சலுக்கும் நடுவில், ஓரமாக ஒரு கல்லின் மேல் காக்கி நிக்கரும் பனியனும் போட்ட ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் மல்லாந்திருந்தது. வலது கை முட்டியைத் தாண்டி இறங்கி விரல் நுனியால் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. மூக்கின் மேல் ஒரு ஈ நடந்துபோனது. அவர் அசையவில்லை.

படிப்பு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த வேகம். ஜீப்பிலிருந்து குதித்து ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நாடி நல்லா ஓடுதுங்களா?" என்றது அந்த முகம், உதடு அசையாமல்.

நான் போட்ட அலறலில் கடப்பாரைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர் மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க. டிரைவரு கத்தறாரு. ஆளுங்க கத்தறாங்க. நானும் சேந்து கத்தினா பாறை நவுந்துடுமா? அதான் பர்மாவுக்குப் போய்ட்டு வந்தேன்."

அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். கூலி ஆட்களின் பதிவில் அவர் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஆலங்காயம் பக்கத்து ஊர்க்காரர். பெரிய சண்டை நடந்த காலத்தில், மீசை அரும்பும் வயதில், பட்டாளத்தில் ரோடும் பாலமும் போடுகிற பிரிவில் சேர்ந்தவர். பர்மா, மலேயா, ஜாவா என்று கொண்டுபோனார்கள். சண்டை ஓய்ந்ததும் ஜப்பானில் கொஞ்ச காலம் காவலுக்கு வைத்தார்கள். பிறகு பல வருஷம் கழித்து லடாக்கில் மலைரோடு. எல்லாம் முடிந்து ஊர் திரும்பியவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்து எங்கள் மலைக்கு ரோடு போட வந்திருந்தார்.

அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. திரும்பி வருகிறவர்கள் தகரப்பெட்டி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள், சிலர் ரேடியோ கொண்டுவருவார்கள். மேஸ்திரி கொண்டுவந்தது முகங்களை.

எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தாராம். இவரும் போய் எதிரே உட்கார்ந்து, அந்த முகத்தைத் தன் முகத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பர்மா முகம் என்றால் கண் பாதி மூடி, உதட்டோரம் யாருக்கும் தெரியாத ஒரு சேதி இருக்கும். ஜாவா முகம் இன்னும் அமைதியானது. உதடு தடித்து, மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம் வரும். ஜப்பான் முகத்துக்குக் கழுத்தைச் சற்று முன்னால் சாய்த்து, பெரிய மனிதர் ஒருவர் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி கீழே பார்ப்பார். லடாக்கில் பார்த்தவர் நிற்கிற புத்தர், அதற்கு எழுந்து நிற்க வேண்டும். மலேயாவில் சீனர் கோயிலில் பார்த்ததற்குப் பனியனை மார்பு வரை சுருட்டி, இல்லாத தொப்பையை எங்கிருந்தோ வரவழைத்து, வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அது சாப்பாட்டு நேரத்துக்கான முகம். யார் வீட்டிலாவது சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் ஆகிவிட்டது என்று வாசனை வந்தால் மேஸ்திரி சீனாக்காரர் ஆகிவிடுவார்.

கோமாளித்தனம் என்று முதலில் நினைத்தேன். அதன் உபயோகம் சீக்கிரமே தெரிந்தது.

அம்மை ஊசியும் காசநோய் ஊசியும் போடுவது என் வேலை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஊருக்குள் நுழைந்தால் எனக்கு முன்னாலேயே சேதி போய்விடும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு சாமைக்காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். நானும் வரப்பில் நின்று கெஞ்சுவேன். "வாங்கம்மா, வலிக்காதும்மா." காடு பதில் பேசாது. எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் அந்த வழியாக வந்த மேஸ்திரி, "இன்னா நர்சம்மா, யாருமே இல்லாத ஊருக்கு ஊசி போட வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஊர் நடுவில் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஜப்பானைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காட்டில் ஒரு தலை தெரிந்தது. பொன்னி என்று ஒரு பெண், ரோடு வேலைக்குக் கல் சுமக்கிறவள், வாய் ஓயாதவள்.

"யோவ் மேஸ்திரி, இது எந்த ஊரு?"

முகம் கீழே பார்த்தபடியே இருந்தது.

"ஜப்பான்காரரா?"

ஜப்பான்காரர் கண்ணால் மட்டும் ஆமாம் சொன்னார். பொன்னி சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். பிள்ளைகள் மேஸ்திரியின் மூக்கையும் காதையும் இழுத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மேஸ்திரி நாடு நாடாக மாறிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் கையைப் பிடித்து ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். பொன்னியின் மகன் ஊசி இறங்கியது தெரியாமல், "இன்னொரு தபா சிரிப்புச்சாமி!" என்று கத்தினான். அதற்கப்புறம் ஊசிநாள் வந்தால் மேஸ்திரிக்கு அரைநாள் லீவு கொடுக்கச் சொல்லி நானே காண்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் தரவில்லை. மேஸ்திரி வந்துகொண்டுதான் இருந்தார்.

அவரிடம் ஒரு கேள்வி மட்டும் தீராமல் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அது கிளம்பிவிடும்.

"அவரு இன்னா பர்மாவுலயா பொறந்தாரு? ஜப்பான்லயா பொறந்தாரு? நம்ம நாட்டுல பொறந்தவரு. இங்கேருந்து நடந்தும் கப்பலேறியும் அவரு பேச்சைக் கொண்டுபோனாங்க. போன எடத்துல எல்லாம் அந்தந்த ஊர்க்காரன் தன் மூஞ்சியையே அவருக்குப் போட்டுட்டான். பர்மாவுல பர்மாக்காரன் கன்னம். ஜப்பான்ல ஜப்பான்காரன் கண்ணு. யாரும் வெளியூரு ஆளுன்னு சொல்லல. அவரும் வேணாம்னு சொல்லல. ஜாவாவுல மலை மாதிரி ஒரு கோயிலு கீது. உள்ள போவ ரூமே கெடையாது. சுத்திச் சுத்தி ஏறணும். சுவரெல்லாம் கப்பலு, யானை, பொம்பளைங்க தண்ணி மொள்றது, எல்லாம் கல்லுலயே கதையா அடிச்சு வெச்சிருக்கான். மேல போனா, மணியைக் கவுத்து வெச்சாப்புல கல்லுக்கூண்டு. ஒவ்வொரு கூண்டுலயும் ஒருத்தரு ஒக்காந்திருக்காரு. ஓட்டை வழியா எட்டிப் பாத்தா நம்ம பக்கத்து வூட்டு மாமா மாதிரி கீறாரு. அவ்ளோ தூரம் போனவரு, நம்ம ஊருல மட்டும் எங்க போனாரு? நம்ம மூஞ்சியோட ஒருத்தரு இல்லாமயா போய்ட்டாரு?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, "வருவாரு மேஸ்திரி. ரோடு போட்டு முடி, ஜீப்புல வருவாரு" என்பார்.

பல வருஷம் கழித்து, மாற்றலாகிச் சென்னையில் இருந்தபோது, எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு விடுமுறை நாளில் போனேன். அங்கே நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் வெண்கலங்கள் இருந்தன. கடல் தாண்டி வந்த வியாபாரிகளும் பிக்குகளும் தங்கிய துறைமுகமாம் அது. தலையுச்சியில் தீக்கொழுந்து மாதிரி ஒன்று, தோளில் மெல்லிய துணி மடிப்பு. முகம் சுத்தமாக நம் ஊர் முகம். மதியச் சாப்பாடு திருப்தியாக முடிந்து, தாம்பூலத்துக்குக் காத்திருக்கிற ஒரு நல்ல மனிதரின் முகம். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அவர் பார்த்திருந்தால் அன்று மியூசியத்தை இழுத்துப் பூட்ட முடிந்திருக்காது. கண்ணாடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்த முகம் வருகிறவரை எழுந்திருக்கமாட்டார்.

அந்த முகங்கள் எதற்கு என்று அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். கல் விழுந்து இடது கைச் சுண்டுவிரல் நசுங்கி, ஒரு மத்தியானம் என் சுகாதார நிலையத்துக்கு வந்தார். தையல் போட வேண்டியிருந்தது. மரத்துப்போகிற மருந்து தீர்ந்திருந்தது.

"போடுங்க" என்றார். பர்மா முகம் வந்து உட்கார்ந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வந்தபோதும் இமை துடிக்கவில்லை.

கட்டுப் போட்டு முடித்ததும், "வலிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"வலிக்காம இன்னாங்க? உயிர் போவுது." முகம் பழையபடி ஆகி, நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. "பர்மாவுல ஒரு ஆத்துமேல பாலம் போட்டுக்கினு இருந்தோம். மேல பிளேன் வந்துச்சு. குண்டு வுழுது. நான் ஓடி ஒரு இடிஞ்ச கோயிலுக்குள்ள போய்ட்டேன். கூரை இல்ல. உள்ள அவரு மட்டும் ஒக்காந்திருக்காரு. வெளிய என்கூட வேலை செஞ்சவன் கத்தறான். அப்பால கத்தல் நின்னு போச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. பல்லு அடிச்சுக்குது. அவரு மேல சுண்ணாம்பு கொட்டுது. அவரு கண்ணை மூடவும் இல்ல, தெறக்கவும் இல்ல. சரி, இவரு எப்பிடிக் கீறாரோ அப்பிடி வெச்சுப் பாப்போம்னு மூஞ்சியை வெச்சேன். கை அங்க, காலு இங்க, கண்ணு இப்பிடி. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னுச்சு. அவ்ளோதாங்க. அன்னிலேருந்து எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல அவரு எங்கன்னு கேப்பேன். அந்த ஊரு பயத்துக்கு அந்த ஊரு மூஞ்சி வேணுமில்ல?"

அவரே பேச்சை மாற்றினார். "சீனாக்காரரு மூஞ்சி மட்டும் பயத்துக்கு இல்லீங்க. அது பசிக்கு."

ஆடி மாதத்தில்தான் அந்தக் கல் வெளிப்பட்டது.

புதூர்நாட்டிலிருந்து மேலூர் என்கிற மலையூருக்கு ஜீப் ரோடு வெட்டிக்கொண்டு போனார்கள். மேலூருக்கு அதுவரை ஒற்றையடிப் பாதைதான். நோயாளி என்றால் கம்பில் தூளி கட்டித் தூக்கிவர வேண்டும். அதனால் மேலூர் ஆட்கள் எல்லோருமே ரோடு வேலைக்கு வந்திருந்தார்கள். முளைக்குச்சி அடித்த வழியில் உன்னிச்செடிப் புதர் ஒன்று. அதை வெட்டியபோது அடியில் ஒரு பலகைக்கல். மண்ணைத் தள்ளினால், சம்மணமிட்ட கால்கள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கைகள். பொன்னி மண் சுமந்த பாண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"மேஸ்திரி! ஒன் ஆளு வந்துட்டாரு! ஜீப்புல வரல, மண்ணுக்குள்ளேருந்து வந்துட்டாரு!"

பக்கத்து ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நானும் சத்தம் கேட்டு ஓடினேன். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கியிருந்தார். துண்டால் கல்லைத் துடைத்தார். முகம் மழையில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கண், மூக்கு, வாய் எதுவுமில்லை. தலைக்கு மேல் குடை மாதிரி அடுக்கடுக்காக ஏதோ செதுக்கி, பாதி உடைந்திருந்தது. மேஸ்திரியின் விரல் அந்தக் கல்லின் இடது தோளில் போய் நின்றது. மேலும் கீழும் தடவினார். மறுபடியும் தடவினார். அவர் கை அந்தத் தோளைவிட்டு நகரவே இல்லை.

மேலூர் ஊர்க்கவுண்டர், முட்டி மடங்காத வயசாளி, குச்சியை ஊன்றிக்கொண்டு மேலே நின்றார். "இன்னா மேஸ்திரி, அவருதான?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கே இருந்தது. அவர் எவ்வளவு காலமாகத் தேடிய ஆள்.

"இல்லீங்க" என்றார் மேஸ்திரி. "எந்த நாட்டுக்குப் போனாலும் அவரு மூஞ்சியை மாத்துவாங்க. தோள்ல போட்ட துணியை மட்டும் யாரும் எடுக்கமாட்டாங்க. இவருக்குத் துணியே இல்ல. மேல முக்குடை வேற கீது. வள்ளிமலைப் பாறையில இந்த மாதிரி வரிசையா ஒக்காந்திருப்பாங்க. இவரு சமணசாமி."

"அப்ப இவரு யாரோ எவரோவா?" என்றாள் பொன்னி.

மேஸ்திரி குழியிலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடிச் சொல்லாத. ரெண்டு பேரும் ஒரே காலத்துல, ஒரே சீமையில நடந்தவங்க. பக்கத்து வூட்டுக்காரரு."

சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் மடித்த செய்தித்தாள். மோசமான மனிதர் இல்லை. மழை இறங்குவதற்குள் ரோட்டை முடிக்காவிட்டால் தூக்கம் வராது என்கிற கவலையில் இருந்தவர். கல்லைப் பார்த்தார், அதன் பின்னாலிருந்த பாறையைப் பார்த்தார்.

"வெடி வை. எல்லாம் சேந்து போய்டும்."

"அய்யா, இவரைச் சுத்திக்கினு வளைச்சுடலாங்க" என்றார் மேஸ்திரி. "பள்ளத்துப் பக்கம் கல்லு அடுக்கி செவுரு ஏத்தினா எடம் வந்துடும். லடாக்கு ரோட்டுல பாறையில செதுக்கினவரு ஒருத்தரு நிக்கறாரு. ரோடு அவரு காலடியிலதான் போவுது. யாரும் வெடி வெக்கல."

"இது ஒன் ஆளு இல்லன்னு நீயே சொன்னியாமே? அப்புறம் இன்னாய்யா ஒனக்கு?"

"பக்கத்து வூட்டுக்காரருங்க. நம்ம வூட்டுக்கு வழி போடறதுக்குப் பக்கத்து வூட்டை இடிப்பாங்களா?"

ஊர்க்கவுண்டரும் சொல்லிப் பார்த்தார். அங்கே ஒரு முனி இருப்பதாகத் தன் பாட்டன் சொல்லியிருக்கிறார் என்றார். காண்ட்ராக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு வேற மேஸ்திரியைக் கூட்டியாறேன். நீ அதே ஜீப்புல கீழ எறங்கிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேஸ்திரி எந்த முகத்தையும் போட்டுக்கொள்ளவில்லை. தகரப்பெட்டியைக் கட்டப் போனார்.

மறுநாள் காலை அவருடன் நானும் நடந்தேன். ஜீப் வேலை நடக்கிற இடம் வரைக்கும் வந்து திரும்பும். வழியனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் தலையில் பெட்டி, கக்கத்தில் குடை. வழியெல்லாம் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். எந்த ஊரில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நல்ல தேன் கிடைக்கும், பொன்னி மகனுக்கு அடுத்த ஊசி எப்போது என்று. என்னைப் பேச விட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்கும்.

வளைவு திரும்பியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

வேலையாட்கள் அத்தனை பேரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும். பாண்டும் கடப்பாரையும் ஓரமாகக் கிடந்தன. ஒவ்வொருவரும் சம்மணமிட்டு, கண்ணைப் பாதி மூடி, பர்மாவும் ஜாவாவும் ஜப்பானுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குக் கை சரியாக வரவில்லை. சிலருக்குக் கால் மடங்கவில்லை. ஒருவருக்குக் கண்ணை மூடினதும் நிஜமாகவே தூக்கம் வந்து குறட்டை விட்டார். பொன்னி முன்வரிசையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சீனாக்காரராகச் சிரித்தபடி இருந்தாள். எல்லோருக்கும் நடுவில் ஊர்க்கவுண்டர் மட்டும் குச்சியை விட்டுவிட்டு விறைப்பாக நின்றிருந்தார்.

"கவுண்டரே, இன்னாங்க இது?" என்றேன்.

"முட்டி மடங்காதும்மா. அதான் நான் லடாக்கு."

ஜீப் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. காண்ட்ராக்டர் இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தார். "எழுந்திருங்க! மழை வருது, தெரியுதா?" யாரும் அசையவில்லை. ஒவ்வொருவரின் முன்னாலும் போய்க் குனிந்து கத்தினார். கடைசியில் பொன்னியிடம் வந்தார். "நீயாவது சொல்லு. இன்னா வேணும் ஒங்களுக்கு?"

பொன்னி சிரித்த வாயை மூடாமல் பல்லிடுக்கில் சொன்னாள். "பேசக் கூடாதுங்க. பேசினா மூஞ்சி கலைஞ்சிடும்."

கூட வந்திருந்த புது மேஸ்திரி காண்ட்ராக்டரின் காதருகே போய், "அய்யா, இது வேலைநிறுத்தமா, பூசையா? பூசைன்னா நான் செருப்பைக் கழட்டணும்" என்றார். முதலில் ஜீப் டிரைவருக்குத்தான் சிரிப்பு வெடித்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். காண்ட்ராக்டர் அவரை முறைத்தார். முறைத்த முகத்தோடு திரும்பிப் பொன்னியைப் பார்த்தார். அவள் வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. அவ்வளவுதான். காண்ட்ராக்டர் செய்தித்தாளால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை.

"சிரிக்க வெச்சிட்டானுங்களே, பாவிங்க" என்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வானத்தையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யோவ், செவுரு ஏத்தினா நிக்குமா? ஜீப்பு போனா சரியாதே?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். ஒரு துளி மழை இல்லை, அவர் குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். குடை நடுங்கியது. நான் அவர் தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தேன்.

"நிக்குங்க" என்றது குடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நான் நிக்க வெக்கறேன்."

"மழைக்கு முன்னால முடியணும்."

லடாக்கு குச்சியைக் கையில் எடுத்தது. "அத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஊர்க்கவுண்டர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஹோவென்று எழுந்தார்கள். குறட்டை விட்டவரை மட்டும் இரண்டு பேர் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. புது மேஸ்திரி அதே ஜீப்பில் கீழே இறங்கினார். போகிறபோது, இப்படி ஒரு வேலையிடத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனாராம்.

சுவர் நின்றது. புரட்டாசி மழைக்கும் நின்றது. அந்த இடத்தில் ரோடு, பெரியவர் ஒருவர் படுத்திருக்கும்போது காலைத் தாண்டாமல் சுற்றிப் போவது போல, பள்ளத்துப் பக்கம் வளைந்து போனது.

ஜீப் மேலூர் வரைக்கும் போன பிறகு, தை மாதத்தில் ஊர்க்காரர்கள் அந்தக் கல்லுக்குப் பூசை வைத்தார்கள். நான் போனபோது அடையாளமே தெரியவில்லை. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருந்தார்கள். தேய்ந்த முகத்தில் வெள்ளிக் கண் இரண்டு ஒட்டி, கரியால் முறுக்கு மீசை வரைந்து, தலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். மேலூரில் எந்த வீட்டு வாசலில் உட்கார வைத்தாலும் அந்த வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். மேஸ்திரி அதன் எதிரே நின்று இடுப்பில் கை வைத்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒருவர் ஆட்டுக்கிடா ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். மேஸ்திரியின் சிரிப்பு நின்றது.

"அய்யய்யோ, இவருக்கு ஆடா? ஈ எறும்புகூட மிதிபடக் கூடாதுன்னு தரையைக் கூட்டிக்கினு நடந்த கூட்டங்க இவங்க. வேணாங்க."

"எங்க ஊருக்கு வந்துட்டாரு, எங்க சாப்பாட்டைச் சாப்பிட வேணாமா?" என்றார் ஊர்க்கவுண்டர். "கறி இல்லாத பூசைக்கு எவன் வருவான்?"

வாக்குவாதம் நெடுநேரம் நடந்தது. பொன்னி ஆட்டின் பக்கமும் பேசினாள், கறியின் பக்கமும் பேசினாள். கடைசியில் ஒரு முடிவு வந்தது. சாமிக்குச் சாமைப் பொங்கலும் தேனும் பலாச்சுளையும். கிடா, பக்கத்து மரத்தடியில் இருக்கிற காவல் முனிக்கு. கிடா வெட்டுகிற நேரத்தில் சாமி பார்க்கக் கூடாது, நடுவில் திரை கட்டிவிட வேண்டும். திரைக்குத் துணி தேடினார்கள். சுகாதார நிலையத்துப் படுக்கை விரிப்பை வழியில் ஓடையில் துவைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் அது இரண்டு மூங்கிலுக்கு நடுவில் போய்விட்டது. சர்க்கார் முத்திரை வெளிப்பக்கம் தெரிந்தது. "நான் மேலதிகாரிக்கு இன்னா பதில் சொல்றது?" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

திரை கட்டினதும் மேஸ்திரி அதன் ஓரத்தை விலக்கிக்கொண்டு சாமி இருக்கிற பக்கம் போனார். "நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"பாவம், புதுசா வந்தவரு. தனியா வுடக் கூடாது. நான் தொணைக்கு ஒக்காந்திருக்கேன்."

இந்தப் பக்கம் உடுக்கை அடித்தார்கள். வெட்டினார்கள், உரித்தார்கள், பெரிய அண்டாவில் ஏற்றினார்கள். பொன்னி மிளகாய் அரைத்துக் கொட்டினாள். மலை முழுக்க வாசனை ஏறியது. விரிப்புக்குப் பின்னால் சத்தமே இல்லை. எந்த நாட்டு முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பொன்னீ, கறி வெந்துச்சா? வெந்துச்சுன்னா சொல்லு, நான் வெளிய வர்றேன். அவருக்குத்தான் ஆவாது. எனக்கு ஆவும்."